இலவசப் போத்தலும் இறந்த தலைவனும்

மதுவருந்தும் காட்சியொன்று கதையிலே வந்துவிட்டால் நம்மவரிடையே இருவகைத் தீர்ப்புகள் உடனே பிறந்துவிடுகின்றன. ஒழுக்கம் பேசுவோர் அதனைச் சீரழிவு என்பர்; உருவம் பேசுவோர் அதனைச் சூழற் சித்திரம் என்பர். போத்தலுக்குப் பணம் கொடுத்தவன் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. ஜேம்ஸ் ஜொய்சின் ‘தேர்தற் குழுவறையில் ஐவி நாள்’ என்னும் சிறுகதையை மாணவருடன் படித்தபோது, இக்கேள்வியை எழுப்பாமல் அக்கதையின் உள்ளத்தை அடைய முடியாது என்பதை நாம் உணர்ந்தோம்.

1914ஆம் ஆண்டு வெளிவந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுதியிலுள்ள 15 கதைகளுள் இதுவும் ஒன்று. கதை நிகழும் நாள் ஒக்டோபர் 6. அயர்லாந்தின் சுயாட்சிக்காகவும் குத்தகை விவசாயிகளின் உரிமைக்காகவும் போராடிய பார்னெல் 1891இல் இறந்த நாள். மணவிலக்கு வழக்கொன்றைக் காரணங்காட்டித் திருச்சபையும் கட்சியின் பெரும்பகுதியும் அவரைக் கைவிட்டன. அவரை மறவாதோர் அந்நாளில் ஐவி இலையை அணிவர்.

டப்ளினில் ஒரு மழை நாள். மாநகரசபைத் தேர்தலுக்காகக் கூலிக்கு வாக்குச் சேகரிப்போர் கணப்பைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். அவர்களுடைய வேட்பாளன் டியர்னி ஒரு மதுக்கடைக்காரன். பேசிய கூலியை அவன் இன்னும் கொடுக்கவில்லை. ஹென்சி என்பவன் அவனை வாயாரத் திட்டுகிறான். அவ்வேளை டியர்னியின் கடையிலிருந்து ஒரு டசின் ஸ்டவுட் போத்தல்கள் வந்து சேர்கின்றன. உடனே அதே ஹென்சி, டியர்னி அப்படியொன்றும் கெட்டவனல்லன் என்கிறான். கூலி வரவில்லை, கருநிறப் பீர் வந்துவிட்டது. கூலிக்காரனின் கோபத்தை எவ்வளவு மலிவாக வாங்கிவிடலாம் என்பதைப் பிரசங்கம் எதுவுமின்றி ஜொய்ஸ் காட்டிவிடுகிறார். போத்தல்களைக் கொணர்ந்த 17 வயதுப் பையனுக்கும் ஒன்று கிடைக்கிறது.

கடன்வாங்கிய தக்கைத் திருகியைத் திருப்பிக் கொடுத்துவிட்டபடியால், பின்னர் போத்தல்களைக் கணப்பிலே வைக்கின்றனர். சூடேறத் தக்கைகள் ஓசையுடன் பறக்கின்றன; நாவுகளும் இளகுகின்றன. பிரித்தானிய மன்னன் வந்தால் நாட்டுக்கு மூலதனம் வரும் என்று வாதிக்கும் ஹென்சி, சற்றுப் பின் பார்னெலையும் போற்றுகிறான். தொழிலாளர் வேட்பாளன் கொல்கனை ஆதரிக்கும் ஹைன்சை முன்னர் ஒற்றனெனச் சந்தேகித்தவன், இப்போது அன்பொழுக வரவேற்கிறான். ஹைன்ஸ் பார்னெலின் மரணம் பற்றித் தான் இயற்றிய கவிதையைச் சொல்லி முடிக்கிறான். அவனுக்காக வைத்த போத்தலின் தக்கை பறக்கிறது. அவனுக்கோ அது கேட்கவில்லை. அந்த மௌனம் பொய்யன்று. கைவிடப்பட்ட தலைவனுக்காக அம்மனிதர் உண்மையாகவே நெகிழ்கின்றனர். ஆனால் அந்நெகிழ்ச்சி எவரையும் நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை.

பழைமைவாதக் கட்சியைச் சேர்ந்த குரொவ்டனிடம் கருத்துக் கேட்கின்றனர். கவிதை மிக நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்கிறான் அவன். கதை அத்துடன் முடிகிறது. அரசியலை நீக்கி அழகை மட்டும் பாராட்டும் விமரிசனத்துக்கு இதனினும் கூரிய பதில் வேண்டுமோ? இக்கதையின் அரசியலை அச்சுலகம் நன்கறிந்திருந்தது. ஏழாம் எட்வேர்ட் மன்னன் பற்றி இதில் வரும் பேச்சுக்குப் பதிப்பாளர் அஞ்சினார். 1912இல் டப்ளினில் அச்சான நூலின் தாள்கள் அழிக்கப்பட்டன.

கொத்தனாராகிய கொல்கன் கதையில் ஓரிடத்திலேனும் தோன்றவில்லையே, இது குறையன்றோ என்று மாணவரொருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. ஜொய்ஸ் நோயைக் காட்டினாரேயன்றி வழியைக் காட்டவில்லை. அது அவரது எல்லை. ஆயினும் மதுக்கடைக்காரன் அனுப்பிய போத்தல்கள் சூடேறும் அவ்வறையில் தொழிலாளியின் வேட்பாளனுக்கு இடமில்லை என்பதும் உண்மையல்லவா?

ஸ்டவுட்டைக் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. உழைத்துக் களைத்தவன் தன் கூலியில் ஒரு போத்தல் அருந்தித் தன் தலைவனை நினைப்பானாயின் அதிலே இழிவு எதுவுமில்லை. கூலிக்குப் பதிலாகப் போத்தலும், போராட்டத்துக்குப் பதிலாக நினைவும் தரப்படும்போதே இழிவு தொடங்குகிறது. நாமும் நினைவு நாட்களைக் கொண்டாடுகிறோம். கவிதை கேட்டுக் கை தட்டுகிறோம். அந்நேரம் மேசையிலிருப்பது யார் அனுப்பியது என்று கேட்கும் துணிவை எமது மாணவருக்கு இக்கதை தருமாயின், அதைக் கற்பித்ததன் பயன் கிட்டியதெனக் கொள்வோம்.