ஓரிரவுக்கு ஒரு நெபுலா போதும்

சீஸ்டார் எஸ்50 போன்ற சிறிய ஸ்மார்ட் தொலைநோக்கியை மொட்டை மாடியில் வைத்து, செயலியில் ஒரு பெயரைத் தொட்டால் போதும். நட்சத்திர அமைப்பைப் பார்த்துத் தன் திசையை அறிந்து, தானே திரும்பிப் படமெடுக்கத் தொடங்கிவிடும். நமக்கு மிஞ்சுவது பார்க்கும் வேலை. அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

தை, மாசி முன்னிரவுகளில் ஓரியன் நெபுலாவிலிருந்து தொடங்குங்கள். ஓரியன் விண்மீன் குழுவின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே, இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். அங்கே தேடிவிட்டுத் திரைக்கு வாருங்கள்.

கருவி 10 விநாடிப் படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. நெபுலாவின் ஒளி ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் விழும். இரைச்சல் புள்ளிகள் இடம் மாறும். அடுக்க அடுக்க ஒளி நிலைக்கும், இரைச்சல் கரையும். ஆனால் தெளிவு இரட்டிப்பாக நான்கு மடங்கு நேரம் தேவை. எனவே 5, 20, 80 நிமிடங்களில் ஒவ்வொரு படம் சேமித்து ஒப்பிடுங்கள். மெல்லிய இழைகள் எப்போது தலைகாட்டின என்று கவனிப்பதே பெரிய இன்பம்.

அடுத்து நிறம். மையத்திலுள்ள இளம் நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர்கள் ஹைட்ரஜனை ஒளிரவைப்பதால் வருகிறது நெபுலாவின் சிவப்பு. நடுப்பகுதிக்குள் நுழையும் கரிய திட்டு வெற்றிடமல்ல. பின்னாலுள்ள ஒளியை மறைக்கும் தூசி. நெபுலா சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதாவது, பல்லவர் காலத்தில் புறப்பட்ட ஒளியை இன்று சேமிக்கிறீர்கள்.

நகர விளக்குகளுக்கு நடுவே கருவியின் வடிகட்டியைப் போடுங்கள்; ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை விட்டு மற்றதைப் பெரும்பாலும் தடுக்கும். நட்சத்திரக் கொத்துக்கும் விண்மீன் மண்டலத்துக்கும் அதை எடுத்துவிடுங்கள். அவற்றின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியது.

சித்திரை, வைகாசியில் தெற்கு வானில் ஒமேகா சென்டாரியைப் பாருங்கள். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்களின் கொத்து. லண்டனில் தொடுவானத்துக்கு மேல் வராத அது, சென்னையில் ஏறத்தாழ 30 பாகை உயரும். ஓரங்களில் நட்சத்திரங்கள் தனித்தனியாகப் பிரியும் எல்லையைத் தேடுங்கள்.

பட்டியலை முடிக்க அவசரப்படாதீர்கள். ஓரிரவுக்கு ஒன்றே எடுங்கள். அதை முழுதாகப் பாருங்கள்.