சிறுவர் கதைகளிற் பெண்ணின் துணிவும் உரிமையும்

சிறுவர்க்கெனப் புனையப்படும் கதைகளை எளியன என்று திறனாய்வாளர் பலர் புறக்கணிப்பர். ஆயினும், பெண்ணுக்கு உரியது யாது என்னும் எண்ணம் பிள்ளை நெஞ்சிற் பதிவதற்கு இக்கதைகளும் வாயிலாகின்றன. பாட்டியைக் காணக் காட்டுவழி சென்று ஓநாயை எதிர்ப்பட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1697ஆம் ஆண்டிற் பிரெஞ்சு எழுத்தாளர் சாள்ஸ் பெரோ வெளியிட்ட வடிவில், ஓநாய் பாட்டியையும் சிறுமியையும் விழுங்குவதோடு கதை முடிகின்றது. இறுதியில் வரும் நீதிச் செய்யுள் இளம்பெண்களையே எச்சரிக்கின்றது. தீங்கிழைத்தது ஓநாய், அறிவுரை பெறுபவள் பெண். 1812இல் ஜேர்மனியின் கிறிம் சகோதரர் அவளை உயிரோடு மீட்டனர். ஆனால், மீட்பவன் வேட்டைக்காரன். தாய்சொற் கேளாது வழிவிலகியது அவள் பிழை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரெஞ்சு நாட்டுப்புறத்தே எழுதப்பெற்ற வாய்மொழி வடிவொன்றோ வேறுவிதமாய்ச் செல்கின்றது. வெளியே போகவேண்டுமென்று கூறும் சிறுமியின் காலிற் கயிறு கட்டி அனுப்புகிறது கொடுவிலங்கு. அவள் அக்கயிற்றைப் பிளம் மரத்திற் பிணைத்துவிட்டு ஓடி வீடு சேர்கிறாள். அங்கே மீட்பவனும் இல்லை. அவளைக் கடியும் நீதியும் இல்லை. அவளது மதியே அவளுக்குத் துணை.

துணிவு வேறு, உரிமை வேறு. பிறர்க்காகத் துணியும் பெண்ணைப் பழங்கதைகளும் போற்றும். தனக்கென ஒன்றை முடிவு செய்பவளைப் போற்றுவது அரிது. 1980இற் கனடாவில் வெளிவந்த றொபேட் மன்ச்சின் ‘காகிதப் பை இளவரசி’ இவ்விரண்டையும் இணைக்கின்றது. பறவைநாகம் தன் உடையனைத்தையும் எரித்துவிட, காகிதப் பையை அணிந்து செல்லும் எலிசபெத், முகமன் கூறியே அதனைக் களைப்புறச் செய்து இளவரசன் றொனால்ட்டை மீட்கிறாள். அவனோ அவள் கோலத்தைப் பழிக்கின்றான். அவள் அவனை மணவாது செல்கின்றாள். நாகத்தை வென்றது துணிவு. மணத்தை மறுத்தது உரிமை.

எனினும் இங்கு ஒரு குறையுண்டு. றொனால்ட் நன்றியற்றவனாகையால் அவளது மறுப்பை எவரும் எளிதில் ஏற்பர். அவன் நல்லவனாயிருந்து, அவள் விரும்பாமையால் மட்டுமே மறுத்திருப்பின் நாம் ஏற்போமா? உரிமை என்பது பிறன் குற்றத்தால் வாய்ப்பதன்று. அதனை உணர்த்தும் கதையே நம் சிறுவர்க்கு, சிறுமியர்க்குப் போன்றே ஆண்பிள்ளைகட்கும், வேண்டுவதாகும்.