அக்கினிப் பிரவேசமும் கேளாத வினாவும்

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை மாலையில் அறியாதவன் காரில் ஏறிய கல்லூரி மாணவி நிலைகுலைந்து மீள்கிறாள். தாய் அவள் தலையில் நீர் வார்த்துத் தூயவளென்று தேற்றுகிறாள், செய்தியையும் மறைக்கிறாள். நீரால் கற்பு மீளுமோ என்பது பற்றி அன்று எழுந்த வாதங்கள் பல. அவற்றை நாம் விடுத்து, ஈண்டு ஒன்றே வினவுகிறோம்: அவள் கருவுற்றிருப்பின்?

நிகழ்ந்தது மறைக்கத்தக்கதாய் இருக்கும் வரையிற்றான் அத்தாயின் அருள் செல்லும். உடலே சான்று கூறுமாயின் அயலாரும் சட்டமும் உள்ளே புகுவர். அந்நாளில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தன் உயிர் காக்கவன்றிக் கருக்கலைத்த பெண்ணையும் தண்டித்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. எனினும் கருத்தடை தவறியமை என்னும் காரணத்தை மணமானவளுக்கே உரித்தாக்கியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தமே அத்தளையை நீக்கிற்று.

தாய் கூக்குரலிட்டிருந்தால் என்னாகும் என்பதைச் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் ஆசிரியரே விரித்தார். மறைப்பு உடைந்த அங்கும் கருவின் வினா எழவில்லை. இதனைக் குறையென்று கூறோம். அவர் ஆய்ந்தது மனத்தின் தூய்மை. ஆயினும் தீர்வின் எல்லை இதுவே.

காரைக்குடியில் விடுதியிலிருந்து பயிலும் மாணவியர் இக்கதையைப் படிக்குங்கால் இவ்வெல்லையைக் காணாதிரார். இன்று பதினெட்டு நிரம்பியவளுக்குத் தன் இசைவே போதும். அவள் பெயரை வெளியிடாமை மருத்துவர் கடன். எனினும் பழிக்கஞ்சி மருத்துவரை விடுத்து மருந்துக்கடை மாத்திரையை நாடுவார் உளர். மறை என்ற தாய்ச்சொல் அவர் செவியில் இன்னும் ஒலிக்கின்றது போலும்.