நாயும் நடையும் நூலும்: டி. எச். ஒயிட்டின் புனைவுலகம்

மாயக்கதை எழுதுவோரின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் படிக்கப் புகும் வாசகர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர். மந்திரவாதிகளையும் பேசும் விலங்குகளையும் படைத்த பேனா, அங்கே நாய்க்கு உணவிட்டதையும், மழையில் சதுப்பு நிலத்தில் நடந்ததையும், பதிப்பாளரிடமிருந்து கடிதம் வந்ததையும் வராததையும் எழுதிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் இலக்கியத்திற்குப் புறம்பானவை எனத் தள்ளிவிடுவது திறனாய்வாளர் சிலரின் வழக்கம். டெரன்ஸ் ஹான்பரி ஒயிட் என்னும் ஆங்கில எழுத்தாளரைப் பொறுத்தவரை அவ்வழக்கம் பொருந்தாது. அவருடைய மாயக்கதையின் உயிர் அந்த அன்றாடத்தில்தான் இருக்கிறது. அதைவிட்டு அவர் விலகிய இடங்களில் கதையும் தளர்ந்துவிடுகிறது என்பது என் துணிபு.

ஒயிட் பிறந்தது பம்பாயில், 1906ஆம் ஆண்டு மே 29ஆம் நாள். தந்தை இந்தியக் காவல்துறை அதிகாரி. பெற்றோரின் இல்லறம் கசப்பானது. சிறு வயதிலேயே இங்கிலாந்து சென்ற பிள்ளைக்குப் பிறந்த ஊரும் நிலைக்கவில்லை. சென்ற ஊரிலும் வீடென்று சொல்ல ஒன்று எளிதில் அமையவில்லை. (ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.) 1932 முதல் ஸ்டோ என்னும் பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர், 1936இல் அவ்வேலையைத் துறந்து, அருகிலிருந்த வேட்டைக் காவலர் குடிசை ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார். அங்கே ஒரு வல்லூறைப் பழக்க முயன்றார், அது பறந்துபோயிற்று. உடன் இருந்தது பிரௌனி என்னும் செந்நிற செட்டர் இனப் பெண் நாய்.

அக்குடிசையில் உருவானதே 1938இல் வெளிவந்த 'தி சோர்டு இன் தி ஸ்டோன்'. பிற்காலத்தில் ஆர்தர் மன்னனாகப் போகும் சிறுவனை மெர்லின் என்னும் மந்திரவாதி மீனாகவும் பறவையாகவும் மாற்றிப் பாடம் புகட்டும் கதை. மந்திரத்தைப் பலரும் புகழ்வர். நான் சுட்ட விரும்புவது நாய்களை. பெல்லினோர் அரசரின் வேட்டைநாய், கயிற்றை மரத்திலும் அவர் காலிலும் சுற்றிச்சுற்றி அவரைச் சிக்கவைக்கிறது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்த எவருக்கும் அக்காட்சி கற்பனையன்று.

அதனினும் ஆழமானது கிறிஸ்துமஸ் காலப் பன்றி வேட்டை. போமான் என்னும் நாய், பன்றியின் தாக்குதலில் முதுகெலும்பு முறிந்து கிடக்கிறது. வேட்டைத் தலைவர் ட்வைட்டி அதன் தலையைத் தடவி, மெல்லிய குரலில் பெயர் சொல்லிப் பேசுகிறார். நாய் அவர் கையை நக்குகிறது. வாலை மட்டும் ஆட்ட முடியவில்லை. அதன் கண்கள் தம் கண்களைவிட்டு விலகாமல் பார்த்துக்கொண்டே பின்னால் நிற்பவனுக்குத் தலையசைக்கிறார். வாள் இறங்குகிறது. ட்வைட்டி எழுந்து மற்ற நாய்களை விலக்கப் போகிறார். வால் ஆடவில்லை என்ற அந்தச் சிறு குறிப்பை நாயோடு வாழ்ந்த ஒருவரே எழுத முடியும்.

1939இல் அமெரிக்காவின் 'புக் ஆஃப் தி மந்த்' கழகம் இந்நூலைத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டிலேயே மீன்பிடிக்கவென அயர்லாந்து சென்ற ஒயிட், போர் மூண்டபின் அங்கேயே தங்கினார். மீத் மாவட்டத்தில் டூலிஸ்டவுன் என்னும் சிற்றூர். ஒரு குடியானவர் வீட்டில் அறை. பிரௌனியோடு சதுப்பு நிலங்களில் நடை. எழுத்தாளர் டேவிட் கார்னெட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1968இல் நூலாயின. நாய், மீன், காட்டு வாத்து, கையெழுத்துப்படி, பதிப்பாளர் என எல்லாமே அவற்றில் கலந்து கிடக்கின்றன.

1944 நவம்பரில் ஒருநாள் அவர் டப்ளின் நகருக்குச் சென்றிருந்த சில மணி நேரத்தில் பிரௌனி இறந்துபோயிற்று. கதையில் நாயின் கண்ணோடு கண் நோக்கி நின்ற மனிதரைப் படைத்தவர், தம் நாயின் முடிவில் அருகில் இல்லை. அக்காலக் கடிதங்களைப் படிப்பவர், அவை ஒரு நாய்க்காக எழுதப்பட்டவை என்பதை மறந்துவிடுவர். மகாபாரதத்தின் முடிவில் தருமபுத்திரரைப் பின்தொடரும் நாய் அறக்கடவுளாக மாறிவிடுகிறது. ஒயிட்டின் உலகில் அந்த ஆறுதலுக்கும் இடமில்லை. நாய் நாயாகவே இறக்கிறது. பின்னர் கார்னெட்டின் யோசனைப்படி கில்லி என்னும் குட்டியை வளர்த்தார்.

இனி நூல் வெளியீட்டுச் செய்தி. 1941இல் ஒயிட், ஆர்தர் கதையை ஐந்து பாகங்களாக முடித்து ஒரே நூலாக வெளியிடுமாறு காலின்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பினார். போர்க்காலம், காகிதத் தட்டுப்பாடு. திட்டம் நிறைவேறவில்லை. 1958இல் 'தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் கிங்' வந்தபோது நான்கு பாகங்களே இருந்தன. ஐந்தாவதான 'தி புக் ஆஃப் மெர்லின்' கைவிடப்பட்டு, அதிலிருந்த எறும்புப் பகுதியும் வாத்துப் பகுதியும் முதற்பாகத்தில் சேர்க்கப்பட்டன.

இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நான் சொல்வது விளங்கும். எறும்புப் பகுதி சர்வாதிகாரத்தைச் சாடும் கூரிய நையாண்டி. ஆயினும் அதில் எறும்பு இல்லை, கருத்தே இருக்கிறது. வாத்துப் பகுதியோ சேற்றின் குளிரும் விடியற்காற்றும் நிறைந்தது. உங்கள் இனம் தமக்குள் போர் புரியுமா என்று சிறுவன் கேட்க, பெண் வாத்து அக்கேள்வியையே அவமதிப்பாகக் கொள்கிறது. பறப்பவர்க்கு எல்லைக்கோடு ஏது? இங்கும் கருத்து உண்டு. ஆனால், சதுப்பு நிலத்தில் துப்பாக்கியோடு காத்துக் கிடந்து வாத்துகளை அறிந்த மனிதரிடமிருந்து அது வருகிறது. சுட்டவரே அவற்றின் சார்பில் பேசும் முரண் அதற்குத் தனி வலிமை தருகிறது.

ஒயிட் 1964 ஜனவரி 17 அன்று கிரேக்க நாட்டுப் பிரேயஸ் துறைமுகத்தில், கப்பலிலேயே காலமானார். 'தி புக் ஆஃப் மெர்லின்' 1977இல் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. இறுதிப் போருக்கு முன்னிரவில் முதிய ஆர்தர், விலங்குகளின் அவையில் போரைப் பற்றிய நீண்ட விரிவுரைகளைக் கேட்கிறான். பொறுமையைச் சோதிக்கும் பக்கங்கள் என்றே சொல்ல வேண்டும். பதிப்பாளரின் மறுப்பு எழுத்தாளருக்குத் துன்பமாயினும் நூலுக்குத் தீங்கன்று எனச் சொல்லத் தோன்றும். ஆனால் விரிவுரைகளுக்கிடையே, அரசனும் ஓர் எளிய முள்ளெலியும் இரவில் குன்றின்மேல் அமர்ந்து உறங்கும் நாட்டைப் பார்க்கும் பகுதி வருகிறது. அதற்காகவேனும் அந்நூல் அச்சேறியது நன்று.

இளையோருக்கு வாங்கித் தர எண்ணும் பெற்றோர் பதிப்பைக் கவனிக்க வேண்டும். 1938ஆம் ஆண்டுப் பாடத்தில் வாத்துகள் இல்லை. ஆனால் மெர்லினும் மேடம் மிம் என்னும் சூனியக்காரியும் உருமாறி மோதும் வேடிக்கைப் போர் உண்டு. 1958ஆம் ஆண்டுப் பாடத்தில் வாத்துகள் உண்டு, மிம் இல்லை. போமான் இரண்டிலும் இருக்கிறது.