கேள்வியும் கூட்டாளியும்

இலங்கையின் ஊவாத் தோட்டங்களில் பிரிட்ஜ் என்றால் அது துரைமார் ஆட்டம். கிளப்பில் டென்னிஸ் முடிந்து விளக்கேற்றிய பிறகு நாலு பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். கிளாக்கர், டீமேக்கர் குவார்ட்டர்ஸ்களிலும் லயத்து வாசல்களிலும் ஓடியது முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினார்கள். முந்நூற்றிநாலு எங்கும் போகவில்லை.

இரண்டு ஆட்டத்துக்கும் சிக்கல் ஒன்றுதான். எதிரே இருக்கும் கூட்டாளிக்குத் தன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எவ்வளவுக்கு ஆடுவோம் என்று கேட்கும் 'கேள்வி'யையும் இறக்கும் சீட்டையும் தவிர வேறு வழியில் சொல்லக் கூடாது. அந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்தான் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன.

முந்நூற்றிநாலில் 32 சீட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. ராசாவை ஜாக் அடிக்கும் இந்த வரிசை, ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்துத் துரும்பு வரிசையோடு அச்சாக ஒத்துப்போகிறது. முதல் நாலு சீட்டு கைக்கு வந்ததுமே கேள்வி தொடங்கிவிடும். மீதி நாலும் பிறகுதான் வரும். பாதிக் கையை வைத்துக்கொண்டு முழு ஆட்டத்துக்கு வாக்குக் கொடுப்பது இது. கேள்வியை எடுத்தவர் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அது என்ன சாதி என்று எதிராளிக்கும் தெரியாது, சொந்தக் கூட்டாளிக்கும் தெரியாது. கூட்டாளி தொகையை வைத்தே ஊகிக்க வேண்டும்: ஏன் இவ்வளவு உயரப் போனான், ஏன் அந்த இடத்தில் நின்றான், நான் கேட்டபின் ஏன் மேலே ஏறினான்? பழகிய சோடிக்கு இந்த இலக்கங்களே போதும். எழுதி வைத்த உடன்படிக்கை எதுவும் கிடையாது. கண்ணைச் சிமிட்டினால், காதைச் சொறிந்தால் ஆட்டம் கலையும். சில வேளை நட்பும் கலையும்.

பதுளைக் கடைத்தெருவில் இன்னோர் ஆட்டமும் கண்ணில் படும். சிங்கள நண்பர்களின் ஓமியிலும் 32 சீட்டு, எட்டுப் பிடி. ஆனால் கேள்வி கிடையாது. முதல் நாலு சீட்டைப் பார்த்து ஒருவர் துரும்பைச் சொல்லிவிடுவார். கூட்டாளிகளின் புரிதல் அத்தனையும் இறக்கும் சீட்டில்தான்.

பிரிட்ஜில் கதை வேறு. ஹரோல்ட் வாண்டர்பில்ட் 1925இல் ஒரு கப்பல் பயணத்தில் புள்ளி முறையைத் திருத்தி இன்றைய ஆட்டத்தை உருவாக்கினார். பத்தாண்டுக்குள் கேள்வி முறைகள் மதப்பிரிவுகள்போல் கிளைத்துவிட்டன. அமெரிக்காவில் கல்பர்ட்சன் முறை. பின்னர் ஆஸுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்ற புள்ளி எண்ணிக்கையை வீடுவீடாகக் கொண்டுபோன சார்ல்ஸ் கோரன் முறை. லண்டனில் ஒரு வீதியின் பெயரைத் தாங்கிய அக்கோல். பின்னர் சீனரான சி. சி. வெய் வகுத்த பிரிசிஷன்; அதை ஆடிய தாய்வான் அணி 1969 பெர்முடா கிண்ண உலகப் போட்டியில் இரண்டாம் இடம் வந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதில் 'ஒரு கிளாவர்' என்பதற்குக் கிளாவரோடு சம்பந்தமே இல்லை. 16 புள்ளியோ அதற்கு மேலோ இருக்கிறது என்பதே பொருள்.

பிரிவு மாறினால் என்ன ஆகும்? துரும்பில்லாமல் ஆடுவதற்கான 'ஒரு நோ டிரம்ப்' என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். பழைய அக்கோல்காரர் அதை 12 முதல் 14 புள்ளிக்குச் சொல்வார். அமெரிக்க முறைக்காரருக்கு அது 15 முதல் 17. கூட்டாளியின் கையில் 9 புள்ளி. முதலாமவருக்கு எதிரே என்றால் பேசாமல் பாஸ் சொல்ல வேண்டும். இரண்டாமவருக்கு எதிரே என்றால் மூன்று நோ டிரம்பை நோக்கிப் போக வேண்டும். லண்டனில் படித்துவந்த மாமாவையும் அமெரிக்காவில் பழகிய மருமகனையும் முன்பேச்சு இல்லாமல் ஒரே சோடியாக உட்கார வைத்தால், எதிராளிகள் சும்மா இருந்தே வெல்வார்கள். நாலு நோ டிரம்ப் கேட்டு ஆஸ் எத்தனை என்று விசாரிக்கும் பிளாக்வுட் முறையும் இப்படித்தான். அதற்குப் பதில் ஐந்து டைமன் என்றால் ஒரே ஆஸ். மறந்தவர் டைமன் சாதி பலம் என்று நினைப்பார். ஐம்பது ஏற்பாட்டை அரைகுறையாக மனனம் செய்த சோடியைவிட ஐந்தைச் சரியாக வைத்திருக்கும் சோடியே மேல் என்பது மேசையில் அடிக்கடி தெரிந்துவிடும்.

பிரிட்ஜின் உண்மையான ஒழுக்கம் வேறிடத்தில் இருக்கிறது. கூட்டாளிகளுக்குள் எத்தனை உடன்பாடும் வைக்கலாம். எதையும் எதிராளிக்கு மறைக்கக் கூடாது. அதனால்தான் போட்டிகளில் சோடிகள் தங்கள் முறையை எழுதிய அட்டையை வைத்திருக்கிறார்கள். வழக்கமில்லாத கேள்வி வந்தால், கேட்டவரின் கூட்டாளி எச்சரிக்க வேண்டும். எதிராளி கேட்டால் பொருள் சொல்ல வேண்டும். குரலின் ஏற்ற இறக்கம் எதையும் சொல்லிவிடாதபடி கேள்விகளை அச்சிட்ட அட்டைகளால் கேட்கிறார்கள். கூட்டாளியின் முகம் தெரியாமலிருக்க 1975 பெர்முடா கிண்ணத்தில் மேசைக்குக் குறுக்கே தட்டி வைத்தார்கள். அதே போட்டியில் ஓர் இத்தாலியச் சோடி மேசைக்குக் கீழே காலால் பேசியதாகப் புகார் எழுந்தது. தட்டி கீழேயும் இறங்கியது. 2013இல் பாலித் தீவில் நடந்த மூத்தோர் உலகப் போட்டியில் வென்ற ஜெர்மன் அணியின் ஒரு சோடி, இருமலைக் குறிப்பாகப் பயன்படுத்தியதற்காகத் தடைபட்டது. இருவரும் வைத்தியர்கள்! நமுனுகுலப் பக்கத்து மார்கழிக் குளிரில் இந்தச் சட்டத்தைக் கண்டிப்பாக நடத்தினால் ஒரு சோடியும் தேறாது.

முந்நூற்றிநாலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் நிற்பது கேரளத்து ஐம்பத்தாறு. ஆறு பேர், மூவர் மூவராக ஆடுவது. அங்கே தொகையை முதலில் சொல்லிச் சாதியைப் பின்னால் சொன்னால் ஒரு பொருள். சாதியை முன்னால் சொன்னால் வேறு பொருள். பிரிட்ஜில் குற்றமாகும் சொல்லும் விதம் அங்கே எல்லாரும் அறிந்த இலக்கணம். ஒளிவு இல்லாததால் அது களவும் அல்ல.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் என்ற மேற்கு வங்கச் சோடி தங்கம் வென்றபோது பிரிட்ஜ் விளையாட்டா சூதா என்ற பழைய கேள்வி இந்தியாவில் மறுபடி எழுந்தது. அந்த விவாதம் ஒருபுறமிருக்க, இப்போது பிரிட்ஜ் கணினியிலும் கைபேசியிலும் பெருமளவில் ஆடப்படுகிறது. அங்கே பொருள் சொல்லும் கடமை இடம் மாறிவிட்டது. கேள்வி கேட்டவரே தன் கேள்விக்கு விளக்கம் தட்டுகிறார். அது எதிராளிகளின் திரையில் மட்டும் தெரிகிறது. கூட்டாளி எதையும் காண்பதில்லை. ஏற்பாட்டை அவர் மறந்திருந்தால், மேசையில் அது தெரியாதவர் அவர் ஒருவர்தான்.