தங்கமலைக் காட்டோரம் ஒளித்த டப்பா

ஒருவர் ஒரு டப்பாவை எங்கோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போட்டுவிடுகிறார். முன்பின் தெரியாத இன்னொருவர் அந்த எண்களைக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு தேடி வருகிறார். கிடைத்தால், டப்பாவுக்குள் இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போகிறார். ஜியோகேஷிங் என்பது இவ்வளவுதான். இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவரை நான் இலங்கையின் ஊவாவில் உள்ள ஹப்புத்தளைக்குக் கூட்டிப்போவேன். தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் பங்களாவைச் சுற்றித் தங்கமலைச் சரணாலயம் இருக்கிறது. அந்த மழைக்காட்டு விளிம்பில் இதல்கஸ்ஹின்ன பக்கமாக நடந்தால், தேயிலையும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இடங்கள் வரும். இந்த விளையாட்டின் அருமை அங்கேதான் பிடிபடும்.

விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. பொதுமக்களின் ஜி.பி.எஸ். கருவிகளுக்கு அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே 2ஆம் தேதி நீக்கியது. சுமார் நூறு மீட்டர் தள்ளிக் காட்டிய கருவி அன்றிலிருந்து மரத்தடிவரை வழி காட்டத் தொடங்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை வைத்து, இடத்தை அறிவித்தார். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கு மேல் டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன. வரலாறு இவ்வளவு போதும், காட்டுக்குள் போவோம்.

தேயிலை மலையில் நிற்கும்வரை கருவி நல்ல பிள்ளை. அளவாகக் கவ்வாத்து வெட்டிய செடிகள், இடையிடையே ஓங்கி நிற்கும் சவுக்கு மரங்கள், தலைக்கு மேலே திறந்த வானம். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றும் செயற்கைக்கோள்கள் நாலைந்தின் சமிக்ஞை தடையில்லாமல் வந்து சேரும். ஆனால் காட்டுக்குள் பத்தடி வைத்ததும் அதற்குத் தடுமாற்றம் வந்துவிடும். ஈரம் சொட்டும் இலைக்கூரை சமிக்ஞையைக் குடித்துவிடுகிறது. அடிமரங்களில் பட்டுத் திரும்பும் அலை கணக்கைக் குழப்புகிறது. அம்பு வலப்பக்கம் பன்னிரண்டு மீட்டர் என்னும், நின்று மூச்சு விட்டால் இடப்பக்கம் இருபது என்னும். பலருக்கு இந்த இடத்தில் எரிச்சல் வரும். எனக்கோ விளையாட்டு இங்கேதான் தொடங்குகிறது. கருவி ஒரு வட்டத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, அந்த வட்டத்துக்குள் இனி நம் கண்தான்.

அந்த வட்டத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். பாசி போர்த்த கீனா மரம், அதன் கவட்டில் ஒட்டி வளரும் ஆர்கிட், மரப்பன்னத்தின் சுருண்ட இளந்தண்டு, இலங்கை மலைகளைத் தவிர வேறெங்கும் காணமுடியாத மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியின் குரல். டப்பா தேட வராதவன் இதையெல்லாம் ‘பச்சை’ என்ற ஒரே சொல்லில் கடந்து போயிருப்பான். தேட வந்தவனால் அப்படிப் போக முடியாது. எது இங்கே இயல்பு, எது மனிதக் கை பட்டது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

பழகியவர்கள் முதலில் தேடுவது சுள்ளிகளைத்தான். காற்றில் விழுந்த சுள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். மூன்று சுள்ளிகள் அருகருகே ஒரே திசையில் படுத்திருந்தால், வைத்தது காற்றல்ல. அடுத்தது இலை. உதிர்ந்து பலநாள் ஆன இலைகள் நனைந்து கறுத்துத் தரையோடு படிந்திருக்கும். அவற்றின் நடுவே ஈரம் ஏறாத வெளிறிய இலை ஒரு கைப்பிடி குவிந்திருந்தால் அங்கே குனிந்து பார்க்கலாம். அதைவிட நுட்பமானது பாசி. கல்லைப் புரட்டித் திரும்ப வைத்தவர் எவ்வளவு கவனமாக வைத்தாலும், பாசி விட்டுப்போன விளிம்பில் மயிரிழை அகலத்துக்குக் கறுப்பு மண் தெரியும். சில வாரங்களில் அந்தக் கோட்டின்மேல் புதுப்பாசி ஏறும், பழையதைவிட ஒரு பிடி இளம்பச்சையாக. இரண்டு பச்சைக்கும் நடுவே உள்ள அந்த வித்தியாசத்தைக் கண்டு கை நீட்டும்போது வரும் மகிழ்ச்சி, டப்பாவைத் திறக்கும்போதுகூட வருவதில்லை.

இப்படிப் பச்சைக்குள் பச்சையைப் பிரித்தறியும் கண் ஊவா தோட்டங்களுக்குப் புதிதா என்ன? கூடையோடு நிரையில் இறங்கும் பெண், முற்றிய இலைப் பரப்பில் இரண்டு இலையும் மொட்டும் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பதில்லை; கண் கண்டதும் கை போய்விடும். அந்தப் பெண்ணை இந்தக் காட்டோரம் நிறுத்தினால், வெளிநாட்டிலிருந்து வந்தவர் அரைநாள் தேடும் டப்பாவை அவர் சட்டென்று எடுத்துத் தந்துவிடுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அட்டைக்கடிக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளவும் சொல்லித் தருவார். தேடுகிறவன் ஒரே இடத்தில் நிற்பவன், அட்டைக்கு அதுதானே வசதி.

ஒளிப்பவரின் கலைக்கு வருவோம். பெரும்பாலான டப்பாக்களுக்கு ஒரு துப்பு உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வோர் எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி மறைத்து வைப்பார்கள், வேண்டாதவர் கண்ணில் தற்செயலாகப் படாமல் இருக்க. நல்ல துப்பு இடத்தைச் சொல்லாது. நிற்கும் விதத்தைச் சொல்லும். ‘காட்டுக்கு முதுகு, கொழுந்துக்கு முகம்’ என்று ஒருவர் எழுதினால் போதும். தேடுபவர் திரும்பி நிற்பார், முழங்கால் உயரத்தில் மரப்பொந்து தெரியும், கூடவே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அந்தக் காட்சியைப் பார்க்க வைப்பதற்காகவே டப்பாவை அங்கே வைத்திருக்கிறார் என்பது அப்போது விளங்கும்.

டப்பாவுக்குள் பேனை வைக்காமல் பென்சில் வைப்பதிலும் அனுபவம் இருக்கிறது. ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று காய்ந்து அடிக்கும். ஆனால் ஐப்பசியில் தொடங்கும் மழைதான் இங்கே பெருமழை. எந்த மூடியையும் தாண்டி ஈரம் உள்ளே போகும். மை கரைந்தோடிவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.

காட்டை விட்டு இறங்கினால், ஜி.பி.எஸ். வருமுன்பே இடத்துக்கு விலாசம் கொடுத்த மண் இது என்பது தெரியவரும். மலைக்கு மலை நம்பர்ப் பலகை, அதில் பரப்பும் நட்ட ஆண்டும் கவ்வாத்து வெட்டிய காலமும். தோட்டத்து எல்லையில் அளவைக்கல். ரயில் சுரங்கங்களின் முகப்பிலும் எண். தெமோதரையில் 42ஆம் சுரங்கத்துக்குள் நுழையும் பாதை, சற்றுமுன் நின்ற ரயில் நிலையத்துக்கு அடியிலேயே சுற்றி வருகிறது. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. அளவையாளர்களைப் பயிற்றும் அதன் நிறுவனமும் இதே ஊவாவில், தியத்தலாவையில்தான் இருக்கிறது. இந்தப் பலகையிலும் கல்லிலும் ஏறாத விலாசங்களும் உண்டு. கவ்வாத்துச் சாமிக்கும் மாடசாமிக்கும் மரத்தடியில் நட்ட கற்கள் அவை. கல்லில் மஞ்சள் பூச்சு, பக்கத்தில் சூலம். விவரம் அறியாத ஒருவர் அந்தக் கல்லின் பின்புறத்தை நல்ல ஒளிவிடம் என்று நினைத்துவிடக்கூடும். அங்கே வைக்கவே கூடாது.

மண்ணைத் தோண்டிப் புதைக்கவும் கூடாது. இந்த விளையாட்டின் பொதுவிதியும் அதுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதைக் கண்ட ஊவாவுக்கு அந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் எதையும் வைக்க வேண்டாம். டப்பாவே இல்லாமல், ஒரு பாறையின் அல்லது அருவியின் புவியியலைக் கவனித்து விடை எழுதும் எர்த்கேஷ் என்ற வகை 2004 முதல் இருக்கிறது. துன்ஹிந்த அருவிக்கு அது நன்றாகப் பொருந்தும்.

கண்டியிலிருந்து ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவுக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும் பீகோ டிரெயில் நடைபாதையில் இப்போது பல நாட்டவர் நடக்கிறார்கள். அவர்களும் தேடி வரட்டும் என்று பண்டாரவளை, பசறை, ஹாலிஎல பாடசாலைப் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, உங்கள் மலையில் நீங்களே ஒரு டப்பாவை ஒளித்து வையுங்கள். அந்த மலைக்கு உங்கள் பாட்டி என்ன பெயர் சொல்கிறாரோ அந்தப் பெயரை வையுங்கள். துப்பைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் அதன் கீழே எழுதலாம்.