கனமான கடல் விமான மாதிரி: பறக்கவிடத் தகுமா?

நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்கும் விமானத்தின் சிறிய வடிவம் கடல் விமான மாதிரி எனப்படும். கரையில் நிற்பவர் வானலைக் கருவி மூலம் அதை இயக்குவார். மிதவைகளும் அவற்றைத் தாங்கும் கம்பிகளும் சேர்வதால், அதே அளவுள்ள தரை விமான மாதிரியைவிட இது பெரும்பாலும் கனமாகவே அமையும். கட்டி முடித்துத் தராசில் வைத்ததும் இரண்டு கருத்துகள் எழும். "இவ்வளவு எடை பறக்காது" என்பது ஒன்று. "பெரிய மோட்டார் வைத்தால் எதுவும் பறக்கும்" என்பது மற்றொன்று. இரண்டுமே அரை உண்மைகள்.

எடையும் இறக்கையும்

எடையை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூற முடியாது. அந்த எடையை எவ்வளவு இறக்கைப் பரப்பு சுமக்கிறது என்பதே முக்கியம். இது இறக்கைச் சுமை எனப்படும். 2 மீட்டர் நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள இறக்கையின் பரப்பு 0.6 சதுர மீட்டர். மாதிரியின் எடை 4 கிலோ என்றால், காற்றில் நிற்கக் குறைந்தது மணிக்குச் சுமார் 34 கி.மீ. வேகம் வேண்டும். 6 கிலோ என்றால் சுமார் 42 கி.மீ. வேண்டும். வேக வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் எடை ஒன்றரை மடங்காகும்போது, இறங்கும் நேரத்து இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. மிதவை உடைவதும், கரையில் நிற்பவர் காயப்படுவதும் இந்த ஆற்றலைப் பொறுத்தவை.

இறக்கைச் சுமையையும் கண்மூடி நம்பக் கூடாது. ஒரு மாதிரியை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் பரப்பு 4 மடங்காகும். எடையோ ஏறத்தாழ 8 மடங்காகும். ஆகவே பெரிய மாதிரிக்கு இறக்கைச் சுமை கூடுவது இயல்பு. அளவில் வேறுபட்ட இரு மாதிரிகளை அந்த ஓர் எண்ணால் ஒப்பிடுவது தவறு.

நீர் வைக்கும் சோதனை

6 கிலோ மாதிரி மிதக்க 6 லிட்டர் நீரை விலக்க வேண்டும். உண்மை விமானங்களின் மிதவைகளுக்கு வேண்டிய 80 விழுக்காடு உபரி மிதப்பை இங்கும் கொண்டால், மிதவைகளின் கொள்ளளவு 10.8 லிட்டர் ஆகும். ஓடத் தொடங்கியதும் நீரின் தடை ஓர் உச்சத்தை எட்டும். அதைக் கடந்த பிறகே மிதவை நீரின் மேற்பரப்பில் வழுக்கி ஓடும். இந்த உச்சத்தைக் கடக்கப் பெரிய மோட்டார் உதவும் என்பது உண்மை. ஆனால் அது இறங்கும் வேகத்தைக் குறைக்காது. மோட்டாரும் மின்கலமும் சேர்க்கும் எடை அதைக் கூட்டவே செய்யும்.

நீரை விட்டு எழுந்துவிட்டால் போதும் என்பதும் சரியன்று. 97.5 மீட்டர் இறக்கை கொண்ட ஹியூஸ் எச்-4 விமானம் 1947 நவம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் சுமார் 21 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 1.6 கி.மீ. பறந்தது. பிறகு அது பறக்கவே இல்லை. நீர்ப்பரப்பை ஒட்டிப் பறக்கும்போது காற்றின் தடை குறையும். அந்த உதவி இல்லாத உயரத்தில் அதன் திறன் சோதிக்கப்படவில்லை. கனமான மாதிரியும் இப்படி நீரை ஒட்டி எழுந்து, மேலே ஏற முயலும்போது விழக்கூடும்.

மதிப்பீடு

எனவே தீர்ப்பைப் படிப்படியாகவே வழங்க வேண்டும். முதலில் அசையாமல் மிதக்கவிட்டு, மிதவைகள் சமமாக அமிழ்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, காற்று குறைந்த நேரத்தில் நீரில் ஓட்ட வேண்டும். மோட்டாரின் விசை மிச்சமிருக்கும்போதே மாதிரி வழுக்கி ஓடுகிறதா, எழுந்தபின் ஏறவும் வேகத்தோடு இறங்கவும் நீர்ப்பரப்பு போதுமா, அருகில் ஆட்கள் இல்லையா என்பவை மூன்று கேள்விகள். மூன்றுக்கும் சாதகமான விடை கிடைத்தால் கனமான மாதிரியும் பறக்கத் தக்கதே. ஒன்றில் தவறினாலும் முதலில் எடையைக் குறைக்க வேண்டும். அல்லது இறக்கையைப் பெரிதாக்க வேண்டும். கட்டுவதற்குப் பல மாதங்கள் செலவாயின என்பது பறக்கவிடுவதற்கான காரணம் ஆகாது.